மேலே கீழ்க்காற்று

தம்பி துபாய்க்குப் போய் ஒன்பது வருஷமாகிறது. இன்னும் அவன் டிக்கெட்டைப் பார்த்தால் அம்மாவுக்குச் சந்தேகம்தான். திருவனந்தபுரத்தில் காலை 10 மணிக்கு ஏறினால் துபாயில் பகல் 12.30 என்று போட்டிருக்கும். திரும்பும்போது அங்கே 10 மணிக்குக் கிளம்பினால் இங்கே 3.30.

"போறதுக்கு ரெண்டரை மணி, வாறதுக்கு அஞ்சரை மணியா? வீட்டுக்கு வர மனசில்லாத பிளேனால்லா இருக்கு."

அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பிந்தி ஓடுகிறது, போக வர இரண்டுமே சுமார் 4 மணி நேரம்தான் என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினேன். "அப்ப அதை எழுதித் தொலைய வேண்டியதுதானல" என்றாள். நியாயம்தான். எந்த ஊர் நேரம் என்று பிளேன் கம்பெனிக்காரன் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். எழுபது வயதுக் கண்ணுக்கு அது தெரியுமா?

அந்த 4 மணி நேரமும் கூட்டிக் குறைத்துச் சொல்வதுதான். காற்று இழுத்த இழுப்புக்குப் பத்து இருபது நிமிஷம் முன்னே பின்னே ஆகும். ஆனி, ஆடியில் எங்கள் வீரகேரளம்புதூரில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று கதவை அறையும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று. குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு எங்களுக்குப் புழுதியை மட்டும் கொண்டுவரும். சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகள் ராப்பகலாகச் சுற்றும். அதே நாளில், அதே தென்னிந்தியாவுக்கு மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே பாய்ந்துகொண்டிருக்கும். பி. கோட்டேஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை அறிஞர் 1958இல் இதை விரிவாக எழுதினார். கீழே மேல்காற்று, மேலே கீழ்க்காற்று. இதை முதலில் படித்தபோது விடுகதை மாதிரி இருந்தது. தையில் வடக்கே போகப் போக நிலைமை மாறும். அங்கே உயரத்தில் மேல்காற்றுதான். அது வருகிறவனுக்கு உதவும்.

ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கில் ஆகாயம் சின்ன விஷயம். துபாயிலிருந்து திருவனந்தபுரம் 2,900 கிலோமீட்டருக்கு மேல். 4 மணி நேரம். திருவனந்தபுரத்திலிருந்து எங்கள் ஊர், நேர்கோடு போட்டால், 80 கிலோமீட்டர்தான் வரும். அதற்கு மூன்றரை மணி நேரம். நடுவில் மலை இருக்கிறதே! பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை என்று வளைந்து வளைந்து, ஆரியங்காவு தாண்டி இறங்கவேண்டும். முன்னால் ஒரு ரப்பர் தடி லாரி மாட்டினால் அதன் பின்னாலேயே உருளவேண்டியதுதான்.

அதனால் 'லேண்ட் ஆயிட்டேன்' என்று தம்பி அனுப்புகிற செய்தியை அம்மா வந்ததாகவே எடுத்துக்கொள்வதில்லை. படித்துக் காட்டினால் "சரி" என்று பூ கட்டிக்கொண்டிருப்பாள். மலை இறங்கியதும் செங்கோட்டையிலிருந்து போன் வரவேண்டும். அதன் பிறகுதான் எழுந்து உலை வைப்பாள். அங்கிருந்து எங்கள் ஊருக்கு ஒரு மணி நேரம். சோறு வடித்து, குழம்பைச் சூடாக்கி, அப்பளம் பொரிப்பதற்குள் வாசலில் கார் நிற்கும். பிசகியதே இல்லை.

போன வருஷம் பிசகியது. போன் வந்து ஒன்றரை மணி நேரமாகியும் காரைக் காணோம். அப்பளம் நமுத்துவிட்டது. வந்து இறங்கியவன் மேல் பிரானூர் பார்டர் புரோட்டா வாசனை.

"கடல் தாண்டி வந்தவனுக்கு இந்த ஒரு மணி நேரம் பொறுக்கலையால?" என்றாள் அம்மா, இலையைப் போட்டுக்கொண்டே.