தோல் பேசும் சீமை

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரயிலில் காட்பாடியைத் தாண்டிவிட்டீர்களா? இனி குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி; சற்று உள்ளே ஒதுங்கினால் பேரணாம்பட்டு. எல்லாம் தோல் சீமைதான். ஆம்பூர் என்றதும் உங்கள் வீட்டுக்காரருக்குப் பிரியாணி ஞாபகம் வரும். உங்களுக்குப் பிள்ளையின் பள்ளிக்கூட பூட்ஸ் ஞாபகம் வரும். இந்தத் தடவை இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, காதைக் கொஞ்சம் கொடுங்கள்.

வைகாசி முதல் தேதியன்று குடியாத்தத்தில் இறங்குங்கள். கோபாலபுரம் கெங்கையம்மனுக்கு அன்று சிரசுத் திருவிழா. அம்மனின் சிரசு ஊர்வலமாக வருகிறது; தெருவெல்லாம் ஜனசமுத்திரம். இடுப்பில் பம்பை, கையில் உடுக்கை, தோளில் பறை. இந்தப் பக்கத்து அம்மன் விழாக்களின் குரல் இவைதான்.

இத்தனை தோல் பதனிடும் ஊர்களில் மேளத்துக்குத் தோல் கிடைப்பதா கஷ்டம் என்று நினைப்பீர்கள். வேடிக்கை அங்கேதான்! செருப்புக்கு ஆன தோல் மேளத்துக்கு ஆகாது. முன்பு ஆவாரம் பட்டை, கடுக்காய். இப்போது குரோமிய உப்பு. இவற்றில் ஊறிப் பதமான தோல் மெத்தென்று வளையும், ஆனால் ஊமையாகிவிடும். பறைக்கு வேண்டியது பதனிடாத தோல். சுண்ணாம்பில் ஊறவைத்து, ரோமத்தைச் சுரண்டி, வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் இழுத்து ஒட்டுகிறார்கள். வாசிக்குமுன் நெருப்பில் காட்டினால் கணீரென்று பேசும்.

உடுக்கையைக் கவனியுங்கள். இடையிலுள்ள கயிற்றை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். கடல்களுக்கு அப்பால், மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் இதன் அண்ணனைப் போல ஒரு வாத்தியம் உண்டு. பெயர் துந்துன். ஆட்டுத் தோல் போர்த்தது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வளைந்த கோலால் தட்டுகிறார்கள். யொரூபா மொழியில் குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருள். அந்த ஏற்ற இறக்கத்தையே வாசித்து, துந்துன் வாழ்த்தும் சொல்லும், பழமொழியும் சொல்லும்! அங்கே மேளக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் ‘அயான்’ என்று தொடங்குவது வழக்கம். அயான் மேளத்தின் தெய்வம். பெயரைச் சொல்லும்போதே குலத்தின் வித்தை தெரிந்துவிடும். அதில் அவர்களுக்குப் பெருமை.

நம்மிடம் என்ன நடந்தது? ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தெய்வம், உணவு, யாழ் இவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணியது தொல்காப்பியம். பிற்பாடு நாம் அதைச் சாவு வீட்டு வாசலில் நிறுத்தினோம். வாசித்தவரை ஊர்க் கோடியில் நிறுத்தினோம். அந்த ஜாதிப் பெயரையே ‘தள்ளி வைக்கப்பட்டவன்’ என்ற பொருளில் ஆங்கில அகராதி எடுத்துக்கொண்டது. தோல் வேலை செய்த கைகளுக்கும் இதே கதிதான். தோல் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. அந்தக் கைகளை நம் வீட்டுத் திண்ணையில்கூட ஏற்றவில்லை.

காலம் மாறி வருகிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையை மாட்டிக்கொண்டு, ஆடியபடி அடித்தார்கள். 2025-ல் அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

விருது சர்க்கார் செய்கிற மரியாதை. நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் தெருவில் மேளம் வரும்போது ஜன்னலைச் சாத்தாதீர்கள். குழந்தைகளோடு வாசலுக்கு வாருங்கள். வாசித்து ஓய்ந்தவரை ‘ஐயா’ என்று கூப்பிட்டுப் பெயரைக் கேளுங்கள். வெயிலுக்கு மோர் கொடுங்கள். நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே கொடுங்கள்.