பாம்பனில் கூண்டு ஏத்தியாச்சா?

இத்தாலியில் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதுவரை நம் ஊருக்கும் எங்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அன்றிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை.

இந்த முறை அந்த ஞாயிறு வந்தபோது நான் ராமேஸ்வரத்தில் இருந்தேன். செப்டம்பரில் அப்பா தவறிவிட்டார். காரியங்கள் முடிந்து, பேங்க், பென்ஷன் என்று அம்மாவுக்கான அலைச்சல்களையும் முடித்துக்கொடுத்துவிட்டு, நவம்பர் இரண்டாவது வாரம்தான் திரும்பினேன்.

நாங்கள் இருப்பது கொமாக்கியோ. வெனிஸுக்குத் தெற்கே, போ நதி கடலில் கலக்கும் பகுதியை ஒட்டிய சின்ன ஊர். ஊருக்குள் கால்வாய்கள், ஊரைச் சுற்றி உப்பங்கழி. பக்கத்தில் ஏழு கடற்கரைகள் இருக்கின்றன. கோடையில் கால் வைக்க இடம் இருக்காது. நான் சமையலறையில் வேலை பார்க்கும் ஓட்டலும் அப்போது மட்டும்தான் திறந்திருக்கும். குளிர்காலத்தில் எல்லாவற்றுக்கும் பூட்டு. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். சில நாள் மூடுபனியில் எதிர்வீடுகூடத் தெரியாது.

குளிருக்குப் பழகுவதைவிட அதன் சட்டதிட்டங்களுக்குப் பழகுவதுதான் கஷ்டம். எங்கள் பகுதியில் வீட்டு ஹீட்டரை அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான் போடலாம். அதுவும் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 14 மணி நேரம். எவ்வளவு குளிர்ந்தாலும் காலையில் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரெல்லாம் பூஞ்சை. இதைச் சொல்லிக்கொடுத்தது கீழ்வீட்டுப் பாட்டி.

அவர் கணவர் உப்பங்கழியில் விலாங்கு பிடித்தவராம். வளர்ந்த விலாங்குகள் முட்டையிடக் கடலுக்குக் கிளம்புவது, இலையுதிர்காலம் முடிந்து குளிர் தொடங்கும் நாட்களில், நிலா இல்லாத புயல் இரவுகளில்தான். போகிற வழியில் அம்புமுனை வடிவத்தில் தடுப்பு கட்டிப் பிடிப்பார்கள். கம்பியில் கோத்துச் சுட்டு, வினிகரில் ஊறவைத்தால் நாள்பட இருக்கும். "காற்று எவ்வளவு மோசமோ, வரும்படி அவ்வளவு நல்லா இருக்கும்" என்பார் பாட்டி.

இதை அம்மாவிடம் சொன்னபோது நம்பவே இல்லை. எங்கள் பக்கம் வாடைக்காற்று வலுத்தால் படகு கரையேறிவிடும். ஐப்பசி பிறக்கும் முன்பே அரிசி, கருவாடு, விறகு, மெழுகுவத்தி எல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். நவம்பர், டிசம்பரில் நான் போன் செய்தால் முதல் கேள்வியே, "பாம்பனில் கூண்டு ஏத்தியாச்சா?" என்பதுதான். "மூணாம் நம்பர் ஏத்திருக்கான் ஆத்தா" என்று செய்தி வாசிப்பதுபோல அம்மா சொல்வார்.

அம்மா பிறந்தது தனுஷ்கோடியில். 1964 டிசம்பர் 22 அன்று ஒரு உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காகக் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வந்திருந்தார்கள். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. அன்று நள்ளிரவு நெருங்கும் நேரத்தில்தான் 653ஆம் எண் பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போனது. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில் நிலையம், தேவாலயம், வீடுகள் என்று ஊரே போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அதன்பிறகும் மீனவர்கள் சிலர் திரும்பிப் போய்க் குடிசை போட்டார்கள். அம்மா வீட்டார் போகவில்லை.

அதிலிருந்து எந்த வருடமும் டிசம்பர் 22 இரவு அம்மா தூங்கியதில்லை. அப்பா கூடவே விழித்திருப்பார். டீ போட்டுக் கொடுத்து, ஏதாவது கதை பேசி, ஒரு மணி தாண்டியதும் படுக்கச் சொல்வார். இனி யார் விழித்திருப்பது?

"இங்கே வந்துடுங்கம்மா" என்று கேட்டுப் பார்த்தேன். "அங்க வந்து ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காரவா? உங்க அப்பா இருந்த வீடு. நான் இங்கனயே இருக்கேன்" என்றுவிட்டார்.

அந்த நாள் நெருங்க நெருங்க எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. பிறகுதான் கணக்குப் போட்டேன். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே மாலை ஏழரை. நான் விழித்திருக்கக் கஷ்டமே பட வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரம் அது.

அன்று ஆறரைக்கே வீடியோ காலில் கூப்பிட்டு, போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்தேன். புயலைப் பற்றி இருவரும் பேசவில்லை. நான் பூசணிக்காய் நறுக்குவதைப் பார்த்து, "என்ன இம்புட்டுப் பெருசா நறுக்குற?" என்றார் அம்மா. மகள் வீட்டுப்பாடம் செய்தபடியே பாட்டிக்கு இத்தாலிய மொழியில் எண்கள் சொல்லிக்கொடுத்தாள். இவர் ரவென்னா துறைமுகப் பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்து, கையுறையைக் கழற்றாமலே, "அத்தை, சாப்டீங்களா?" என்று எட்டிப் பார்த்தார். அங்கே மணி பன்னிரண்டரை ஆனது. ஒன்று ஆனது.

"சரி ஆத்தா, கண்ணு சொக்குது. ஹீட்டர அமத்திட்டுப் படு, காசு கரியாகும்" என்று சொல்லிவிட்டு அம்மாவே போனை வைத்தார்.

மறுநாள் காலை நானும் மகளும் உப்பளப் பக்கம் நடக்கப் போனோம். தண்ணீரில் பூநாரைகள் நின்றிருந்தன. கோதண்டராமர் கோயில் பக்கம் குளிர்காலத்தில் வந்து நிற்பதும் இதே இனம்தான். படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அம்மாவின் குரல் பதிவு வந்தது: "நல்லா தூங்குனேன். இங்க இன்னும் பறவ வரல. வந்ததும் பக்கத்து வீட்டுத் தம்பியப் படம் எடுக்கச் சொல்லி அனுப்புறேன்."