மேழி பிடித்த கை

போடிநாயக்கனூருக்கு மேற்கே, ஏலமலை அடிவாரத்தில் எங்களுடைய மானாவாரி நிலம் இருக்கிறது. மேலே ஏலத்தோட்டங்களில் எல்லாம் கைவேலைதான், உழவெல்லாம் கீழே. கடைசி ஜோடி மாட்டை விற்ற பணத்தோடு கடனும் சேர்த்து, எங்களைவிட வயதில் மூத்த மாசி பெர்குசன் 1035 ஒன்றை அண்ணன் தம்பி இருவருமாக வாங்கினோம். அப்பா அதன் பக்கமே வரவில்லை.

டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதிலேயே முதல் வாரம் போயிற்று. உழவில் இறங்கினால் வேறு சிக்கல். மண் இறுகிய இடம் வந்ததும் கலப்பை தானாகவே மேலெழுந்தது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றே முடிவுகட்டினோம். மாடும் போய்விட்டது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வந்து பார்த்த மெக்கானிக் சிரித்தார். "பழுது இல்ல தம்பி, அது அப்படித்தான்."

அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் வகுத்த முறையாம். கலப்பை மூன்று இடங்களில் வண்டியோடு பிணைந்திருக்கிறது. இழுவை கூடினால் மேல் இணைப்பு ஒரு சுருள்வில்லை அழுத்தும். உடனே ஹைட்ராலிக் கலப்பையைச் சற்றே தூக்கும், குறைந்ததும் இறக்கிவிடும். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே வழியாக அந்த ஏற்பாடு எங்கள் கரட்டுக்காடு வரை வந்திருக்கிறது.

இரவு அப்பாவிடம் சொன்னோம்.

"கொழு முட்டுனா கையை இளக்கிக் குடுக்கணும்டா. இல்லேன்னா மாட்டுக் கழுத்து என்னத்துக்கு ஆகும்? நான் வேறென்ன செஞ்சேன்?"

மறுநாள் அவர் நிலத்துக்கு வந்தார். வண்டியில் ஏறச் சொன்னோம், ஏறவில்லை. பின்னாலேயே நடந்தார். கலப்பை எழுந்த இடங்களில் மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்து, அகப்பட்ட கல்லையெல்லாம் வரப்பில் எறிந்துகொண்டே வந்தார்.