அஞ்சு யூரோ வைனும் எங்கட கள்ளும்

போன முறை மன்னாருக்கு வந்தபோது, பாரிஸில் இருக்கிற மாமா இரண்டு போத்தல் பிரெஞ்சு சிவப்பு வைன் கொண்டுவந்தார். "ஒண்டும் அஞ்சு யூரோவைத் தாண்டேல்ல. லேபிளைப் பாத்து எடுக்கத் தெரிஞ்சாக் காணும்" என்றார்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். செப்டம்பர் மாதம் அங்கத்தைப் பேரங்காடிகள் வைன் சந்தை வைத்து விலையைக் குறைக்கும். போர்தோவின் பெரிய பெயர்களுக்குப் பின்னால் ஓடத் தேவையில்லை. தெற்குப் பக்கம் லாங்டொக், கோட் து ரோன் வைன்கள், கிரெனாஷ், சிரா திராட்சைகளில் செய்தவை, குறைந்த விலையிலும் நல்லாயிருக்கும். லேபிளில் ஏஓசி அல்லது ஏஓபி என்ற எழுத்தையும் பார்க்கவேண்டும். 1935இல் பிரான்சில் வந்த ஏற்பாடு அது. குறித்த ஊரில் விளைந்து, குறித்த விதிப்படி செய்த வைனுக்குத்தான் அந்த ஊர்ப்பெயரைப் போடலாம்.

அதாவது, மலிவான போத்தலுக்கும் அங்க ஒரு ஊர் இருக்கு.

எங்கட கள்ளுக்கு? பேசாலை, தலைமன்னார் எண்டு தீவு முழுக்கப் பனை. காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவி முட்டி கட்டுகினம். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் இனிப்பான கருப்பநீர், பூசாவிட்டால் சில மணித்தியாலத்தில் தானாப் புளிச்சுக் கள்ளு. மண்ணுக்கும் மரத்துக்கும் ஏற்ற மாதிரி ருசியும் மாறும். ஆனா தவறணையில் அதுக்கு ஒரே பெயர்தான்: கள்ளு.

கள்ளு அடுத்தநாள் தாங்காது, வைன் மாதிரி வருசக்கணக்கில் தட்டில் இருக்காது. அது ஒரு காரணம். மற்றக் காரணத்தை நாங்கள் வாய்விட்டுச் சொல்லுறேல்ல: சாதி. பூசையில் திராட்சை இரசத்துக்கு முன்னால் முழந்தாளிடுற ஊரில், பனையேறுறவரின்ர பிள்ளை பள்ளிக்கூடத்தில் அப்பாவின்ர தொழிலைச் சொல்லக் கூச்சப்படுது. குடி கெடுத்த வீடுகள் இங்கயும் இருக்கு, அதை மறைக்கேல்ல. ஆனா அந்தப் பழி வைன் போத்தலில் ஒட்டுறேல்ல, மரமேறுற ஆளில மட்டும் ஒட்டுது.

லேபிள் அடிக்கிறது பிறகு பாப்பம். அடுத்த முறை கள்ளு வாங்கினா, எந்த ஊர் மரம், ஆர் சீவினது எண்டு கேளுங்கோ.