ஒற்றைத் திருகு

பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கென்று நான் பழையதாக வாங்கிய காம்பவுண்ட் வில்லில், வில் ஆடாமல் நிறுத்தும் ஸ்டெபிலைசர் தண்டை மாட்டக் கைப்பிடிக்குக் கீழே முன்பக்கம் ஒரே ஒரு துளைதான் உண்டு. பின்பக்கம் எதுவும் கிடையாது. குறிபார்க்கும் சைட்டும் அம்புத் தூணியும் வலப்புறம் இருப்பதால் வில் எப்போதும் வலப்பக்கம் சாயும்.

மிசௌரிக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்ற இந்த வகை வில்லின் அருமையே, முழுதாக இழுத்ததும் பாரம் குறைந்துவிடுவதுதான். என்னுடைய 70 பவுண்டு வில் கடைசியில் வெறும் 14 பவுண்டாகிவிடும். கை இளகும் அந்த நேரத்தில்தான் சாய்வு நன்றாகத் தெரியும். சைட்டிலுள்ள ரசமட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவர மணிக்கட்டால் வில்லை முறுக்குவேன். முறுக்கிப் பிடித்த வில்லிலிருந்து அம்பு நேராகப் போகாது. 30 கஜத்தில் ஒரு சாண் தள்ளிக் குத்தும்.

இடப்புறம் பின்னோக்கி ஓர் எடை வைத்தால் சாய்வு போய்விடும். கைப்பிடியுள்ள நடுப்பகுதியான ரைசரிலேயே துளை போட்டு மரை வெட்டிக்கொள்ளச் சொன்னார் ஒரு நண்பர். அதை மட்டும் நான் செய்யவில்லை. வளையும் இரண்டு கைகளான லிம்புகளின் இழுவையையும் தாங்கும் அலுமினியம் அது; விரிசல் விட்டால் முகத்துக்கு நேரேதான் உடையும். கால் அங்குலத் தகடு ஒன்றை அறுத்து ராவி, 5/16 அங்குலத் துளையிட்டு, முன் ஸ்டெபிலைசருக்கும் ரைசருக்கும் நடுவில் வைத்து இறுக்கினேன். இடப்புறம் நீண்ட முனையில் பின்னோக்கி 10 அங்குலத் தண்டு, அதன் நுனியில் எட்டு அவுன்ஸ் எடை. குமிழி தானாக நடுவில் நின்றது. அன்று மாலை அம்புகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு குத்தின. அந்தச் சந்தோஷத்தில் மீதி வேலையை விட்டுவிட்டேன்.

ஒரே திருகில் நிற்கும் தகடு அந்தத் திருகையே அச்சாக வைத்துச் சுழலும். ரைசரை இருபுறமும் கவ்விப் பிடிக்க, தகட்டில் இரண்டு சிறு கட்டைகள் பொருத்தியிருக்க வேண்டும். இன்னொரு மாலை நேர வேலை அது. எனக்குத் தெரிந்தே இருந்தது.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள், விடியுமுன் மரத்தில் ஏறி வில்லைக் கயிற்றால் மேலே இழுத்தேன். பாதியில் கிளையொன்றில் தட்டியது. விளக்கடித்துப் பார்க்கவில்லை. வெளிச்சம் வந்த பிறகும் என் கண் மான்தடத்திலேயே இருந்தது. தட்டியதில் தகடு திரும்பி, தண்டு கீழே சரிந்து நாண்மேல் சாய்ந்திருந்திருக்கிறது. நாணை இழுத்ததும், தண்டு தடுக்க ஏதுமின்றி அதன் பாதைக்குள்ளேயே வந்துவிட்டது.

18 கஜத்தில் ஒரு பெண்மான். விட்டேன். நாண் தண்டில் அறைந்த சத்தம் கேட்டது. நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு வயிற்றில் பாய்ந்தது.

குடலில் அடிபட்ட மானை உடனே பின்தொடரக் கூடாது. விரட்டினால் இன்னும் தூரம் ஓடும். எட்டு மணி நேரமாவது விட வேண்டும். மாலையில் இறங்கித் தேடினேன். ரத்தத் தடம் ஓரிடத்தில் நின்றுபோனது. மறுநாள் காலை மான் ஓடைக்கரையில் கிடைத்தது. கயோட்டிகள் முந்திவிட்டிருந்தன. ஒரு துண்டு இறைச்சிகூடத் தேறவில்லை. அது அந்த இரவில் எவ்வளவு நேரம் உயிரோடு கிடந்தது என்பதை இன்றும் நினைக்கிறேன்.

அந்தக் கட்டைகளைப் பிறகு ஒரே மாலையில் பொருத்தி முடித்தேன்.

வீட்டில் செய்த எதையாவது வில்லில் மாட்டியிருப்பவர்கள் இன்றே அதைக் கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் கழற்றிவிட்டு, சாய்ந்த வில்லோடே காட்டுக்குப் போங்கள்.