பம்ப் மாற்றிய ஞாயிறு

எங்கள் வீட்டில் கார் இருக்கிறது என்றால் வகுப்பு நண்பர்கள் என்னைப் பணக்காரன் என்று நினைத்துவிடுகிறார்கள். சைதாப்பேட்டையில் எங்கள் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நிற்கும் பழைய பெட்ரோல் அம்பாஸிடர் அது. அந்த வண்டி தயாரிப்பதையே 2014-ல் நிறுத்திவிட்டார்கள். கல்யாணங்களுக்கு அதை ஓட்டித்தான் அப்பா என்னைப் படிக்க வைக்கிறார்.

சென்ற தை மாதம் ஒரு சனிக்கிழமை வண்டியின் அடியில் ஈரம். அப்பா குனிந்து பார்த்து, "வாட்டர் பம்ப் போச்சுடா" என்றார். பம்பின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்கைக் கெடுக்காமல் அந்த வழியாகச் சொட்டும். திங்கள் விடியற்காலை முகூர்த்தத்திற்கு வண்டி போக வேண்டும். வாங்கிய முன்பணமோ என் தேர்வுக் கட்டணமாகப் போய்விட்டது. மெக்கானிக் கேட்ட கூலிக்கு எங்கே போவது?

அன்று மாலையே ரயிலில் எழும்பூர் போய்ப் புதுப்பேட்டைக்கு நடந்தோம். அப்பா ஐந்தாறு பம்புகளை எடுத்து, ஷாஃப்டைச் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்டார். நான் விலையைக் கேட்டேன்.

திரும்பும்போது என் படிப்பைக் காட்ட ஆசை வந்தது. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பம்பே இல்லை, சூடான தண்ணீர் மேலேறக் குளிர்ந்தது கீழிறங்கித் தானாகவே சுற்றி வந்தது என்றேன். "நம்ம வண்டிக்கு அது தெரியாதே" என்றார் அப்பா.

ஞாயிறு காலை ரேடியேட்டரை இறக்கி, பெல்ட்டையும் விசிறியையும் கழற்றினோம். பம்பைப் பிடித்திருப்பவை நான்கே போல்ட்டுகள். பழைய பேக்கிங் எஞ்சினோடு ஒட்டிக் கிடந்தது. சுரண்டும் பிளேடை அப்பா என்னிடம் நீட்டி, "நீ பாரு, எனக்குக் கிட்டப் பார்வை சரியில்லே" என்றார். சர்க்கரை நோய் கண்ணுக்கு வந்திருந்ததை அன்றுதான் அறிந்தேன். அவசரமாகச் சுரண்டிவிட்டு, "சுத்தமாயிடுச்சுப்பா" என்றேன்.

சாயங்காலம் வண்டியைக் கிளப்பினோம். பத்தே நிமிடத்தில் பம்பின் ஓரத்தில் கசிவு.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சின் ஆறும்வரை மூடியைத் தொடவுமில்லை. அழுத்தத்தால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தவுடன் பொங்கியடிக்கும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அவருடைய முன்கையில் அதன் தழும்பு இருக்கிறது.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம். அப்பா கட்டைவிரலால் அந்த முகப்பை மெல்லத் தடவி ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்கே இருக்குது பார்." டார்ச் அடித்துப் பார்த்தேன். நகக்கண் அளவுக்குப் பழைய பேக்கிங்.

இம்முறை அவர் விரல் சரியென்று சொல்லும்வரை சுரண்டினேன். புதுப் பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி முடிக்கும்போது மணி பதினொன்று.

விடியற்காலை மூன்றரைக்கு அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பகலில் ஓட்டக் கண் போதும் என்றார். இருட்டாயிருக்கிறதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டி திரும்பி மறைந்ததும் அது நின்ற இடத்தில் உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.