அப்பாயி பத்து வரை எண்ணுவாளா?

கொல்லிமலைக்கு டூர் வந்திருக்கீங்களா? காரவள்ளியைத் தாண்டினா 70 கொண்டை ஊசி வளைவு. முப்பதாவதுலயே உங்க கேங்கில் ரெண்டு பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருப்பாங்க. உங்களுக்கு அது ஜாலி. அதே வளைவுகளை, மூச்சுக்குத் தவிக்கிற ஒரு கிழவியின் கையைப் பிடிச்சுக்கிட்டு நடுராத்திரியில் இறங்கிப் பாருங்க...

நான் இறங்கினேன். பிளஸ் டூ முடிஞ்ச லீவு. எங்க அப்பாயி பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆனா, சின்ன வயசுலேர்ந்து விறகு அடுப்பு. புகை போக வழியில்லாத சமையக்கட்டுல ஊதி ஊதி நுரையீரல் கெட்டுப் போச்சு. அதுக்கு சி.ஓ.பி.டி.ன்னு பேர் இருக்கிறதே அப்புறம்தான் தெரிஞ்சுது.

மேலே இருந்த ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி சிஸ்டர் ஆக்சிஜன் வெச்சாங்க. ''இன்னும் ஜாஸ்தியா வைங்க சிஸ்டர்''னு அழுதேன். அவங்களோ குறைச்சாங்க! எனக்கு வந்த கோபம் இருக்கே... ''இவங்களுக்கு விரல் மெஷின்ல 88-லேர்ந்து 92 காட்டினாப் போதும் கண்ணு. மேல ஏத்தினா உள்ளே கார்பன் டை ஆக்சைடு தேங்கி மயக்கத்துக்குப் போயிடுவாங்க''ன்னாங்க. சொல்லிட்டு 108 வர்ற வரைக்கும் அப்பாயி முதுகைத் தடவிக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க.

கீழே ஐ.சி.யூ.வில் ஒரு அண்ணன். மணிக்கட்டு ரத்தக் குழாயில் ரத்தம் எடுத்தார், ரிசல்ட்டைப் பார்த்தார், மூக்கையும் வாயையும் மூடுற மாஸ்க்கை மாட்டி மெஷினோட இணைச்சார். விடியறப்போ அப்பாயி காபி கேட்டா! ''டாக்டரா அண்ணா?''ன்னேன். ''இல்லம்மா, ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்''னார்.

அன்னிக்கு ஆரம்பிச்சது குழப்பம். ரெண்டுக்குமே அப்ளிகேஷன் போட்டேன். டிப்ளமோ நர்ஸிங் 3 வருஷம். பி.எஸ்ஸி. ரெஸ்பிரேட்டரி தெரபி, இன்டர்ன்ஷிப்போட 4 வருஷம். மனசு முழுக்க அந்த அண்ணனோட மெஷின்தான். 2020, 21 கொரோனா நாட்கள்ல வென்டிலேட்டர்ங்கிற வார்த்தை டீக்கடை வரைக்கும் வந்துச்சு. 2021-ல் இந்த மாதிரிப் படிப்புகளுக்குன்னு தேசிய ஆணையச் சட்டமும் வந்தாச்சு. மெஷின் பிடிக்கும், ஒரே விஷயத்தை ஆழமா தோண்டப் பிடிக்கும்னா தாராளமா அதுக்குப் போங்க. 'நர்ஸிங் கிடைக்கலையா?'ன்னு கேட்கிற சொந்தக்காரங்களைக் கண்டுக்காதீங்க.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு அந்த அண்ணன்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன். ''எங்க மலையில உங்க வேலை இருக்குமா?'' சிரிச்சுட்டார். ''வென்டிலேட்டர் இருக்கிற இடத்துலதாம்மா எனக்கு வேலை.''

நர்ஸிங் சேர்ந்தேன். தியாகம்னு நினைச்சுடாதீங்க. வீட்டுல காசு கம்மி, ஊருக்குப் பக்கத்துலயே கவர்மென்ட் வேலை கிடைக்கும்ங்கிற ஆசையும் உண்டு. இப்போ ஃபைனல் இயர். வார்டுல ஒரே நேரத்துல பத்து பேர் ''சிஸ்டர்''னு கூப்பிடுறப்போ, பெட் பேனோட ஓடிக்கிட்டே ஐ.சி.யூ. கதவைப் பார்ப்பேன். வென்டிலேட்டர் அலாரம் கேட்டா இன்னமும் கை பரபரக்கும். தப்பான முடிவோன்னு மாசத்துக்கு ஒரு தடவையாவது தோணும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பாயி இன்ஹேலரை அமுக்கினா... மருந்து முழுக்க வாய் வழியா வெளியே புகையா வந்துச்சு. இத்தனை நாளும் இப்படித்தானாம்! புது இன்ஹேலர் ஒண்ணு அரிசிப் பானைக்குள்ளே பத்திரமா இருந்துச்சு. உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தேன். முதல்ல மூச்சை வெளியே விடு, அமுக்கிக்கிட்டே மெதுவா உள்ளே இழு, அடக்கிக்கிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணு. மூணு தடவை சொதப்பிட்டு, நாலாவது தடவை ஏழு வரைக்கும் வந்தா.

மறுநாள் காலையில கதவைத் திறந்தா, திண்ணையில ரெண்டு பாட்டிங்க. ஆளுக்கொரு இன்ஹேலரை முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.